பழைய யுரேனியச் சுரங்கத்துக்குள் டிக்கெட் எடுத்துப் போவது: யாகிமோவா, க்ளெட்னோவா?

#1 பயணப்பை

செப்டம்பர் கடைசி வாரம் பிராக் நகரத்தில் தங்கல். நாலு பேர், அதில் 8 வயதுப் பையன் ஒருவன், 66 வயது அம்மா. ஒரு நாள் ஒதுக்கி, சுற்றுலாவுக்குத் திறந்துவிட்ட பழைய யுரேனியச் சுரங்கம் ஒன்றைப் பார்க்க எண்ணம். செக் பக்கம் யாகிமோவ், போலந்துப் பக்கம் க்ளெட்னோ, இரண்டு பெயர் கையில் இருக்கிறது. எது போகலாம்? உள்ளே கதிர்வீச்சு எவ்வளவு, பையனைக் கூட்டிப்போகலாமா? கைகர் மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போனால் பிரயோஜனம் உண்டா? "பயமே வேண்டாம்" என்பதையும் "அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்பதையும் வேண்டிய அளவு கேட்டாயிற்று. எண்களோடு சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

#2 கல்தேடி

பிராக்கிலிருந்து ஒரே நாள் என்றால் யாகிமோவ்தான். கார்லோவி வாரி வரை பஸ், அங்கிருந்து உள்ளூர்ப் பஸ், ஏறத்தாழ 20 கி.மீ. ஜெர்மன் எல்லையை ஒட்டிய மலையூர். க்ளெட்னோ கீழ் சிலேசியாவில், ஷ்னியெஷ்னிக் மலையடியில் இருக்கிறது. வ்ரோத்ஸ்வாவில் தங்குகிறவர்களுக்குத் தோதான இடம். பிராக்கிலிருந்து அங்கே போய்த் திரும்பினால் நாள் முழுக்க வண்டியிலேயே கழியும்.

இரண்டும் ஒரே ரகமும் இல்லை. க்ளெட்னோவில் யுரேனியம் எடுத்தது 1948 முதல் 1953 வரை மட்டும். பிறகு சில வருடம் ஃப்ளோரைட் எடுத்து மூடினார்கள். மலைக்குள் மொத்தம் 37 கி.மீ. வழி குடைந்திருக்கிறார்கள், நாம் நடப்பது 18-ஆம் எண் அடிட்டில் சுமார் 200 மீட்டர். (அடிட் என்றால் மலைச்சரிவிலிருந்து கிடையாக உள்ளே போகும் சுரங்கவழி. கூண்டில் ஏறிக் கீழே இறங்குகிற வேலை கிடையாது.) ஆனால் அந்த 200 மீட்டரில் சுவர் அழகு. ஊதாவும் பச்சையுமாக ஃப்ளோரைட் பட்டைகள், நடுவில் வெள்ளைக் குவார்ட்ஸ், அங்கங்கே செவ்வந்திக்கல். கல் பார்க்கப் போகிறவர்களுக்கு என் ஓட்டு க்ளெட்னோவுக்கே. பக்கத்திலேயே 1966-இல் பளிங்குக்கல் குவாரியில் வெளிப்பட்ட கரடிக்குகையும் உண்டு. அதற்கு முன்பதிவு அவசியம். ஒன்று கவனிக்கவும்: 2024 செப்டம்பர் வெள்ளத்தில் மொராவ்கா ஆற்று அணை உடைந்து ஸ்ட்ரோனியே ஷ்லோன்ஸ்கியே ஊர் பலத்த சேதம் கண்டது. க்ளெட்னோவுக்குப் போகும் வழி அதுதான். சாலை, பஸ் நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

யாகிமோவின் பெருமை வேறு. 1516-இல் வெள்ளி கிடைத்து எழுந்த ஊர். வெள்ளியோடு வந்த கறுப்புக் கல்லை, பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவை, நூற்றாண்டுக் கணக்கில் குப்பையில் கொட்டினார்கள். 1850-களில் அதிலிருந்து கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சாயம் எடுக்கத் தொழிற்சாலை வந்தது. சாயம் எடுத்தபின் மிஞ்சிய கசடைத்தான் மேரி க்யூரியும் பியர் க்யூரியும் பாரிசுக்கு வரவழைத்து வடித்தார்கள். பொலோனியம், ரேடியம் இரண்டையும் அறிவித்தது 1898. இங்கே டிக்கெட் எடுத்து நடக்கும் வழிக்கு 'ஷ்டோலா 1' என்று பெயர். 1518-இல் தொடங்கிய ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சுமார் 500 மீட்டர் ஆழம், குளியல் விடுதிகளுக்கு ரேடான் (யுரேனியத் தொடரில் பிறக்கும் கதிரியக்க வாயு) கரைந்த நீர் ஏற்ற இன்றும் ஓடுகிறது.

#3 மீட்டர்காரன்

கைகர் மீட்டரைப் பத்திச் சொல்றேன். வாங்கணும்னு ஆசையா இருந்தா வாங்குங்க, ஆனா அது உங்க கேள்விக்குப் பதில் சொல்லாது.

சந்தையில கிடைக்கிற மலிவு மீட்டர்ல பெரும்பாலும் எஸ்.பி.எம்-20 மாதிரி உலோக உறை போட்ட டியூப். அது காமாவையும், கொஞ்சம் வலுவான பீட்டாவையும் எண்ணும். ஆல்ஃபாவுக்குக் குருடு. சுரங்கத்துல சுவர்கிட்ட வெச்சா மணிக்கு 0.3, 0.5 மைக்ரோசீவர்ட்னு காட்டும் (சீவர்ட்ங்கறது உடம்பு வாங்கற கதிர்வீச்சுக்கு அலகு). தாதுநரம்பு மேல ஒட்டினாப்புல வெச்சா கடகடன்னு ஏறும். எல்லாரும் அதைப் படம் எடுத்துப் போட்டு "பயங்கரம்"னு எழுதுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு 0.5 மைக்ரோசீவர்ட்டுங்கறது ஒண்ணுமே இல்ல. உயரத்துல பறக்கற விமானத்துலயே மணிக்கு 3 முதல் 5 வரும் (நம்ம வெப்பமண்டலத்துக்கு மேல பறக்கும்போது அதைவிடக் கம்மி). நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையில கருமணல் திட்டு மேல மீட்டரை வெச்சுப் பாருங்க, இந்தச் சுவருக்குச் சளைக்காது.

இன்னொண்ணு: இந்த மீட்டரெல்லாம் சீசியம்-137 காமாவுக்கு அளவு திருத்தினது. தாதுக்கல்லுல இருந்து வர்ற பீட்டாவையும் சேர்த்து எண்ணிட்டு அதையும் மைக்ரோசீவர்ட்டா மாத்திக் காட்டும். அதனால கல்லுல ஒட்டி வெச்சுப் பார்த்த எண் உடம்பு வாங்கற அளவைவிடப் பெரிசாத்தான் இருக்கும்.

நிஜமான விஷயம் காத்துல இருக்கு. ரேடான். அதை இந்த மீட்டர் நேரடியாப் பார்க்காது. கணக்கு இப்படி: ஒரு கனமீட்டர் காத்துல 1000 பெக்கரல் ரேடான்னு (வினாடிக்கு 1000 அணு சிதையுதுன்னு அர்த்தம்) வெச்சுக்குங்க. ஒரு மணி நேரத்துக்கு, ஒரு பெக்கரலுக்கு 6.7 நானோசீவர்ட். மொத்தம் 6.7 மைக்ரோசீவர்ட். சுவர் குடுத்ததைவிடப் பத்து மடங்குக்கு மேல.

#4 காற்றோட்டம்

மீட்டர்காரன் சொன்னதன் திசை சரி. 6.7 என்ற எண் இங்கே பொருந்தாது. அது வீடுகளுக்கும் சாதாரணச் சுரங்கங்களுக்கும் ஐ.சி.ஆர்.பி. (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுத்த குணகத்திலிருந்து வருவது. சுற்றுலாக் குகைகளுக்கு அதே அமைப்பு 137-ஆம் வெளியீட்டில் இரட்டிப்பு குணகம் வைத்திருக்கிறது. சமநிலைக் காரணி (ரேடானோடு அதன் சேய் அணுக்கள் எந்த அளவு சேர்ந்திருக்கின்றன என்ற விகிதம்) 0.4 என்று எடுத்தால் 13 நானோசீவர்ட். காரணம்: நம்மைப் பாதிப்பது ரேடான் வாயு இல்லை, அது சிதைந்து பிறக்கும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் அணுக்கள், அதாவது அதன் சேய்கள். தூசியும் புகையும் உள்ள காற்றில் அவை தூசியில் ஒட்டிக்கொள்ளும். குகையின் காற்று சுத்தம். ஒட்டத் தூசி இல்லாமல் தனி அணுவாகவே மிதந்து, மூச்சுக்குழாய்ச் சுவரில் அதிகம் படியும். டீசல் ஓடாத, பார்வையாளர் மட்டும் நடக்கும் பழைய சுரங்கத்தைக் குகையாகக் கொள்வதே நியாயம்.

ஆக 1000 பெக்கரலில் ஒரு மணி நேரத்துக்கு 13 மைக்ரோசீவர்ட். 5000 என்றால் 65. உலக மனிதர் இயற்கையாக வாங்குவது ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2400 மைக்ரோசீவர்ட். ஒரு தடவை வந்துபோகும் பையனுக்கோ அம்மாவுக்கோ இது கணக்கிலேயே வராது.

கணக்கில் வருவது வழிகாட்டிக்கு. அதே 1000 பெக்கரலில் ஆண்டுக்கு 800 மணி நேரம் நின்றால் 10 மில்லிசீவர்ட் தாண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 வழிகாட்டல் பணியிடத்துக்கு வைத்திருக்கும் குறிப்பு அளவு கனமீட்டருக்கு 300 பெக்கரல். அதற்குக் கீழே கொண்டுவர முடியாமல், ஆளுக்கு ஆண்டில் 6 மில்லிசீவர்ட்டைத் தாண்டும் என்றால் கதிர்வீச்சுத் தொழிலாளிபோல அவரைக் கண்காணிக்க வேண்டும். அதனால் வழிகாட்டி சட்டையில் சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று தொங்கினால் பயப்படாதீர்கள். கவனிப்பு இருக்கிற இடம் என்று அர்த்தம்.

#5 பயணப்பை

நன்றி. அப்படியானால் சுரங்கத்துக்குச் சுரங்கம் ரேடான் அளவு மாறுமா, நாளுக்கு நாளும் மாறுமா? செப்டம்பர் கடைசி நல்ல சமயமா?

#6 காற்றோட்டம்

நாளுக்கு நாள் இல்லை, காலைக்கும் மதியத்துக்குமே மாறும்.

மலையில் உயரத்தில் ஒரு வாய், தாழ்வில் ஒரு வாய் இருக்கும் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருடம் முழுக்க 7 முதல் 10 டிகிரி. கோடையில் வெளியே 25. உள்காற்று குளிர்ந்து கனமாக இருப்பதால் கீழ்வாய் வழியாக வெளியே வழியும். மேல்வாய் வெளிக்காற்றை உறிஞ்சும். கீழ்வாயில் நிற்பவர் முகத்தில் சில்லென்று அடிக்கும் காற்று, பழைய குடைவுகள் எல்லாவற்றையும் சுற்றி ரேடானை வாரிக்கொண்டு வருகிற காற்று. குளிர்காலத்தில் நேர் எதிர். உள்காற்று இளஞ்சூடாகி மேலே ஏற, கீழ்வாய் புதுக்காற்றை இழுக்கும். பார்வையாளர் நுழைவது பெரும்பாலும் கீழ்வாய் என்பதால், இயற்கைக் காற்றோட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் இடங்களில் கோடையில் ரேடான் அதிகம், குளிர்காலத்தில் குறைவு.

நடுவில் ஒரு கட்டம் உண்டு. வெளி வெப்பமும் உள் வெப்பமும் ஒன்றாகிவிட்டால் காற்று எந்தப் பக்கமும் நகராது. வசந்தமும் இலையுதிர்காலமும் அப்படிப்பட்ட நாட்கள். நீங்கள் போகும் செப்டம்பர் கடைசியில் அந்த மலையில் பகல் ஒரு திசை, இரவு ஒரு திசை, இடையில் தேக்கம் என்று இருக்கக்கூடும். வாயுஅழுத்தம் சட்டென்று இறங்கும் மழைநாளிலும் பாறைப் பிளவிலும் அடைத்த குடைவுகளிலும் தங்கிய காற்று பாதைக்குள் கசியும்.

மின்விசிறி வைத்துக் காற்றைத் தள்ளும் இடங்களில் இந்தப் பருவக் கணக்கு அவ்வளவாகச் செல்லாது. விசிறிக்கு இரட்டைப் பலன்: ரேடானையும் குறைக்கும், அது சிதைந்து சேய்கள் பிறக்குமுன்பே வெளியே தள்ளியும்விடும். நின்ற காற்றில் சேய்கள் ரேடானோடு ஏறக்குறைய சமநிலைக்கு வர மூன்று மணி நேரம் போதும். எனவே கேட்க வேண்டிய கேள்வி "கதிர்வீச்சு எவ்வளவு" என்பது இல்லை; "விசிறி உண்டா, எத்தனை மணிக்குப் போடுவீர்கள்" என்பது. காலையில் கதவு திறந்ததும் போகும் முதல் குழுவைவிட, முற்பகல் இரண்டாம் மூன்றாம் குழு நல்லது.

வாசலில் நின்று நீங்களே பார்க்கலாம். டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்கு ஒரு முழ நீளம் கிழித்து, மேல்நுனியைப் பிடித்துக் கம்பிக்கதவுக்கு அருகில் தொங்கவிடுங்கள். உள்பக்கம் சாய்ந்தால் புதுக்காற்று உள்ளே போகிறது. வெளிப்பக்கம் சாய்ந்தால் நீங்கள் மூச்சு வாங்கப்போவது சுற்றி வந்த காற்று. அசையாமல் தொங்கினால் காற்றும் நிற்கிறது.

#7 மீட்டர்காரன்

13-ஐ ஒத்துக்கறேன், குகைக் குணகம்தான் பொருத்தம்.

மீட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு உருப்படியா ஒரு சோதனை. உள்ளே போகும்போது என்-95 மாஸ்க் போட்டுக்குங்க. 45 நிமிஷம் மூச்சு விட்டா முக்கால் கனமீட்டர் சுமாருக்குக் காத்து அது வழியாப் போகும். ரேடான் வாயுவை மாஸ்க் தடுக்காது. ஆனா சேய் அணுக்கள் மாஸ்க்ல ஒட்டிக்கும். வெளிய வந்ததும் மாஸ்க்கோட வெளிப்பக்கத்தைப் பான்கேக் டியூப் (தட்டையா, அகல முகமா இருக்கறது) உள்ள மீட்டர்ல ஒட்டி வெச்சு எண்ணுங்க. அதுக்கு முன்னாடி, சுரங்கத்துக்குத் தூரத்துல, புது மாஸ்க் ஒண்ணை வெச்சு 10 நிமிஷப் பின்னணி எண்ணிக்கை எடுத்து வெச்சிருக்கணும். இதை விட்டுட்டுத்தான் பல பேர் பின்னணியையே ரேடான்னு நினைச்சுக்கறாங்க.

அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை 5 நிமிஷம் எண்ணுங்க. ஈயம்-214-க்கு அரைவாழ்வு 27 நிமிஷம், பிஸ்மத்-214-க்கு 20 நிமிஷம். ரெண்டும் சங்கிலியா வர்றதால மொத்தமாப் பார்த்தா 35, 40 நிமிஷத்துக்கு ஒருதடவை பாதியாகும். நாலு மணி நேரத்துல பின்னணிக்கே இறங்கிடும். அப்படி இறங்கினா அது ரேடான் சேய். மறுநாளும் எண்ணிக்கை நிக்குதுன்னா அது சேய் இல்ல, தாதுத் தூசி. அதே சோதனையைச் செருப்பு அடிக்கும் ஜாக்கெட்டுக்கும் செய்யலாம். ஜாக்கெட் தானா இறங்கிடும். சேறு ஒட்டின பூட்ஸ்தான் சில சமயம் இறங்காது. ஈரத் துணியால துடைச்சுட்டா வேலை முடிஞ்சது.

பலூனைத் தேய்ச்சு ஏத்தித் தொங்கவிட்டு ரேடான் சேய் பிடிக்கற வகுப்பறைச் சோதனையைச் சுரங்கத்துல செய்யாதீங்க. ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல. மின்னூட்டம் நிமிஷத்துல கசிஞ்சு போயிடும், பலூன் சும்மா தொங்கும்.

ரேடியாகோட் மாதிரி நிறமாலை காட்டற கருவி இருந்தா 295, 352, 609 கிலோஎலக்ட்ரான்வோல்ட்ல ரேடான் சேய்களோட முகடு வரும். ஆனா பாறைக்குள்ள இருக்கற ரேடியத்துக்கும் காத்துல இருக்கற ரேடானுக்கும் முகடு அதே இடம்தான். நிறமாலையை மட்டும் பார்த்து "காத்துல ரேடான் இருக்கு"ன்னு தீர்ப்பு சொல்ல முடியாது. வீட்டுக்கு வாங்கி வைக்கற ரேடான் மானிட்டரை எடுத்துட்டுப் போறதும் வீண். சிலது சராசரி சொல்லவே ஒரு நாள் எடுக்கும், ஈரத்துல சிலது தாறுமாறாக் காட்டும்.

#8 சும்மாஒருத்தன்

மணவாளக்குறிச்சியில இவ்வளவு தோரியம் இருக்கே, அங்க ஏன் இந்த ரேடான் பேச்சு அடிபடல?

#9 காற்றோட்டம்

தோரியத் தொடரில் வருவதும் ரேடான்தான், ரேடான்-220. அதன் அரைவாழ்வு 55 வினாடி சொச்சம். மணலிலிருந்து வெளியேறிச் சில அடி போவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதுவும் திறந்த கடற்கரை, காற்று அடிக்கிற இடம். யுரேனியத் தொடரில் வரும் ரேடான்-222-க்கு 3.8 நாள். பாறைப் பிளவு வழியாகவும் நிலத்தடி நீரில் கரைந்தும் நிதானமாகச் சுரங்கம் முழுக்கப் பரவ அவகாசம் இருக்கிறது. கருமணலில் கவனிக்க வேண்டியது காமா, யுரேனியச் சுரங்கத்தில் காற்று.

#10 ஓலைச்சுவடி

யாகிமோவ் போகிறவர்கள் ஒன்று தெரிந்து போவது நல்லது. 1945 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவும் சோவியத் ஒன்றியமும் செய்த ஒப்பந்தப்படி அந்த யுரேனியம் சோவியத்துக்குப் போயிற்று. 1949 முதல் அரசியல் கைதிகளை முகாம்களில் அடைத்துச் சுரங்கத்தில் இறக்கினார்கள். ரோவ்னோஸ்ட், ஸ்வோர்னோஸ்ட், நிகோலாய், எலியாஷ், மரியான்ஸ்கா எனப் பல முகாம்கள். கைதிகளை நெருக்கமாக வரிசையில் நிறுத்தி, கூட்டம் முழுவதையும் எஃகுக் கம்பிவடத்தால் சுற்றிக் கட்டி, அப்படியே முகாமிலிருந்து சுரங்கத்துக்கு நடத்திப்போவார்கள். அதற்கு 'ரஷ்ய பஸ்' என்று கைதிகளே பெயர் வைத்திருந்தார்கள். நடுவில் ஒருவர் தடுக்கினால் வரிசையே இழுபடும்.

கார்லோவி வாரியிலிருந்து போகும் வழியில் ஒஸ்ட்ரோவ் ஊருக்கு அருகே வைக்மானோவில் ஏழு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. 'மரணச் செங்கோபுரம்' என்பார்கள். தாதுவை உடைத்து, தரம்பிரித்து, பீப்பாயில் அடைத்து ரயிலேற்றிய இடம். அந்தத் தூசிக்குள் முகக்கவசம் இல்லாமல் வேலை செய்தவர்கள் கைதிகள். 2019-இல் அந்த மலைப்பகுதிச் சுரங்கங்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது இதுவும் சேர்ந்தது. சுரங்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கும் நமக்குப் போடுகிற அதே கணக்கை, காற்றோட்டம் சரியில்லாத குடைவில் வருடக்கணக்கில் எட்டு மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள்.

இந்த மலைக்கு மறுபக்கம் ஷ்னேபெர்கில், சுரங்கத் தொழிலாளரைக் கொன்ற 'மலைநோய்' நுரையீரல் புற்று என்று ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் 1879-இலேயே எழுதிவிட்டார்கள். ரேடான் என்ற வாயுவே அப்போது யாருக்கும் தெரியாது. காரணம் ரேடான்தான் என்ற பேச்சு அடுத்த நூற்றாண்டில்தான் வலுத்தது. 1950-களில் சுரங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

#11 கல்தேடி

கல் பக்கம் சில குறிப்பு.

பிட்ச்பிளெண்ட் கறுப்பாக, தார் உருண்டு திரண்ட மாதிரி மினுக்கும், சிறுநீரக வடிவ மேடுகளோடு இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். புறஊதா வெளிச்சத்தில் அது ஒளிராது. ஒளிர்வது அது துருவேறிப் பிறந்த இரண்டாம்நிலைக் கனிமங்கள். ஆட்டுனைட், ஷ்ரோக்கிங்கரைட் இரண்டும் மஞ்சள்பச்சையாகக் கண்ணைப் பறிக்கும். டார்பெர்னைட் மரகதப்பச்சைச் சில்லுகளாக அழகாக இருக்கும், ஆனால் செம்பு சேர்ந்ததால் புறஊதாவில் பெரும்பாலும் மௌனம். டார்ச் வாங்கினால் 365 நானோமீட்டர், முகப்பில் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். மலிவான 395 டார்ச் ஊதா வெளிச்சத்தையே சுவர் முழுக்கக் கொட்டும். ஒளிர்வு அதில் மூழ்கிவிடும். 365 கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் பையன் கையில் கொடுக்காதீர்கள். ஃப்ளோரைட் எல்லாம் ஒளிரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம், இடத்துக்கு இடம் மாறும்.

சுவரிலிருந்தோ வெளியே குவித்த கழிவுக்கல்லிலிருந்தோ எடுக்க வேண்டாம். உள்ளூர்ச் சட்டம் ஒரு பக்கம். இந்தியாவில் யுரேனியத் தாது அணுசக்திச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருள்; உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. கடையில் விற்கும் ஃப்ளோரைட், செவ்வந்திக்கல் வாங்கினால் பிரச்சினை இல்லை. பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

#12 சும்மாஒருத்தன்

டிக்கெட் இடத்துல 200 மீட்டர் காட்டி அனுப்பிடறாங்க. அந்த மலைகள்ல கதவில்லாத பழைய அடிட் நிறைய இருக்காமே. ரெண்டு டார்ச், ஹெல்மெட் வெச்சுக்கிட்டு உள்ளே எட்டிப் பார்த்துட்டு வந்தா என்ன?

#13 கீழ்த்தளம்

வேண்டாம் தம்பி. டிக்கெட் வாங்கும் இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் வெளிச்சமும் கைப்பிடியும் மட்டும் இல்லை.

முதலில் காற்று. பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கல்லும் மக்கும் மரமும் ஆக்சிஜனைத் தின்று கரியமிலவாயுவை விடும். அது கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், சுரங்கத்தில் வைத்திருக்கும் நான்குவாயு மீட்டர் 19.5-இல் கூவும். 16-க்குக் கீழே யோசனை மழுங்கும், திரும்ப வேண்டும் என்பதே தோன்றாது. 10-க்குக் கீழே போனால் ஆள் விழுவார். லைட்டர் அணைந்தால் திரும்பிவிடலாம் என்கிறவர்கள் உண்டு. அது அணைவதற்குள் ஆக்சிஜன் ஏற்கெனவே வெகுவாக இறங்கியிருக்கும். அப்போது காலம் கடந்திருக்கும். கைகர் மீட்டர் இதில் ஒன்றையும் சொல்லாது.

இரண்டாவது தரை. யுரேனியத் தாதுநரம்பு செங்குத்தாக நிற்கும். அதை மேலும் கீழும் வெட்டி எடுத்துவிட்டு, குறுக்கே மரக்கட்டை அடுக்கி, மேலே கல்லைக் கொட்டி நடைபாதை ஆக்கியிருப்பார்கள். எழுபது வருடத்தில் மரம் உளுத்துப்போயிருக்கும். மேலே இருந்து பார்த்தால் சாதாரணச் சரளைத் தரை, கீழே இருபது முப்பது மீட்டர் வெற்றிடம். தண்ணீர் தேங்கிய இடம் இன்னும் மோசம். கணுக்கால் அளவு என்று கால் வைக்கிற குட்டை, கீழ் மட்டத்துக்கு இறங்கும் ஷாஃப்டின் (செங்குத்துக் குழியின்) வாயாக இருக்கும்.

மூன்றாவதுதான் ரேடான். அடைந்து கிடக்கும் குடைவில் கனமீட்டருக்குப் பல்லாயிரம் பெக்கரல் சகஜம், சில இடத்தில் லட்சம் தாண்டும். 'காற்றோட்டம்' #4-இல் கொடுத்த குணகத்தைப் போட்டால் லட்சத்தில் ஒரு மணி நேரம் 1.3 மில்லிசீவர்ட். வருடக் கணக்கில் பாதிக்கு மேல் ஒரே மணி நேரத்தில். ஆனாலும் அந்த வகைக் குடைவில் ரேடான் ஆளைக் கொல்லும் முன் முதல் இரண்டும் கொன்றுவிடும்.

#14 படப்பெட்டி

கேமரா கொண்டுபோகிறவர்களுக்கு. கோடையில் சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது லென்ஸ் வேர்க்கும், குளிர்காலத்தில் உள்ளே போகும்போது வேர்க்கும். குளிர்ந்த பொருள் ஈரக்காற்றைத் தொடும் பக்கத்தில்தான் பிரச்சினை. ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, அரை மணி நேரம் விட்டுத் திறந்தால் போதும். துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டாம், திரும்பத் திரும்ப மூடும், லென்ஸ் பூச்சில் கீறலும் விழும். கண்ணாடி போட்டவர்களுக்கும் இதே கதை. வாசலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நடங்கள். குழுவோடு நடக்கும்போது முக்காலிக்கு இடம் இருக்காது. கேமராவைச் சுவரில் சாய்த்து, இரண்டு வினாடி டைமர் வைத்து எடுக்கலாம். சாய்த்த பக்கத்தைப் பிறகு துடைத்துவிடுங்கள்.

#15 பயணப்பை

யாகிமோவ் என்று முடிவு. பையனுக்கு மாஸ்க் போட வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, நடக்க முடியுமா? அங்கே ரேடான் குளியல் மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்களே, அதே நாளில் ஒருமுறை குளித்துவிட்டு வரலாமா?

#16 கீழ்த்தளம்

ஒரு மணி நேரத்துக்கு மாஸ்க் அவசியம் இல்லை. போட்டால் கெடுதலும் இல்லை. பையனிடம் சொல்ல வேண்டியது வேறு: சுவரைத் தடவிவிட்டு விரலை வாயில் வைக்கக் கூடாது, உள்ளே எதுவும் சாப்பிடக் கூடாது, வெளியே வந்ததும் கை கழுவ வேண்டும். ஹெல்மெட் பட்டியைச் சின்னத் தலைக்கு இறுக்கிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தளர்வாக இருந்தால் கண்ணை மறைக்கும், தடுக்கி விழுவான்.

வெளியே வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரும் மேலே காற்றுப்புகாத ஜாக்கெட்டும் வேண்டும். செருப்பு ஆகாது, அடியில் பல் உள்ள மூடிய ஷூ. அடிட் வழி கிடையானது, ஷாஃப்ட் இறக்கம் மாதிரி இல்லை. அம்மாவுக்குக் கஷ்டம் உள்ளே அல்ல, வெளியே. யாகிமோவ் நீளவாக்கில் சரிவில் ஏறும் ஊர், பஸ் நிறுத்தத்திலிருந்து மேடு. கைத்தடி ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள், அதன் ரப்பர் முனை தேயாமல் இருக்கட்டும். இருட்டும் குறுகலும் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் வரிசையில் கடைசியில் நிற்கட்டும், நடுவில் வேண்டாம். திரும்புவது எளிது.

குளியல் அப்படி ஒருநாள் போய் முங்கி எழுந்து வருகிற சமாச்சாரம் இல்லை. மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்து, இருபது நிமிடக் குளியலாகத் தொடர்ச்சியாகக் கொடுக்கும் சிகிச்சை. சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிடையாது. வேண்டுமென்றால் 1912-இல் திறந்த ரேடியம் பேலஸ் விடுதியை வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

#17 கல்தேடி

ஒன்று விட்டுப்போயிற்று. ஷ்டோலா 1 திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். அந்த வாரத்துக்கு உரியதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். அதைவிட முதலில் கார்லோவி வாரிக்குத் திரும்பும் பஸ்ஸைப் பாருங்கள். சனி, ஞாயிறு அட்டவணை வேறு.